அப்பாவின் நாதஸ்வரத்தை ஏ.ஐ.க்குக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

ஆடுதுறைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா நாதஸ்வரக்காரர். கும்பகோணம் பக்கம் ஒரு கோயிலில் வாசிக்கிறார், முகூர்த்த மாதங்களில் கல்யாணம். நான் ஆடுதுறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரார் கொண்டுவரும் தாள்களைப் படித்துச் சொல்வதே பாதித் தொழில். ஆனால் வீட்டுக்கு வந்திருக்கும் இந்த ஒப்பந்தத் தாள் எனக்கே பிடிபடவில்லை.

இசை மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனம் அப்பாவைச் சென்னை ஸ்டுடியோவுக்கு வந்து வாசிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, அப்புறம் ஸ்வரத்தை அசைக்கும் கமகம், நாக்கால் தட்டி ஊதும் துத்துகாரம், வேகமாக உருட்டும் பிருகா, ராக ஆலாபனை என்று பட்டியல் நீளுகிறது. அதை வைத்து ஏ.ஐ.யைப் பழக்குவார்களாம். பிறகு யார் வேண்டுமானாலும் ‘தோடி ராகத்தில் அரை நிமிஷம்’ என்று தட்டினால் அதுவே வாசித்துக் கொடுக்கும். பணத்தில் குறை சொல்ல முடியாது. நல்ல முகூர்த்தத்தில் அப்பா வாங்குவதைப் போலப் பல மடங்கு, ஆனால் ஒரே தடவைதான்.

பதிவிலும் அதிலிருந்து உருவாகும் எதிலும் எல்லா உரிமையும் ‘உலகெங்கும், நிரந்தரமாக’ நிறுவனத்துக்கே என்று எழுதியிருக்கிறது. பெயர் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. பட்டியலில் மல்லாரி என்று ஒரு வரி இருந்தது. நாதஸ்வரத்தின் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “சாமி புறப்பாடு இல்லாம மல்லாரி எதுக்கு?” என்றார். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று வாசிக்கிற மனிதர். நாளைக்கு அதைப் போட்டு ஒருவன் பனியன் விளம்பரம் எடுத்தால் யாரைப் போய்க் கேட்பது என்கிறார். சட்டத்தில் அவருக்கு ஏதாவது பிடி இருக்கிறதா?

தவில்காரன்:
தம்பி, தீபாராதனைக்கு நகராவும் மணியும் அடிக்க மோட்டார் பெட்டி வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. சுவிட்சைப் போட்டால் அடிக்குது. அன்னிக்கு யாரும் சட்டம் பேசலை. வர்ற பணத்தை வாங்கிக்கச் சொல்லுங்க.

மாயவரம் வக்கீல்:
பிடி இருக்கிறது தம்பி. 1957 பதிப்புரிமைச் சட்டம் இசைக்கலைஞரையும் ‘நிகழ்த்துநர்’ என்றே சொல்கிறது. 38, 38-ஏ பிரிவுகளின்படி அவர் வாசிப்பைப் பதியவும் நகலெடுக்கவும் அனுமதி தருவது அவர் கையில், 50 ஆண்டு வரை. 38-பி இன்னும் முக்கியம். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், வாசித்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயர் கெடும்படி வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. பெயர் போடுவது அவர்கள் இஷ்டம் என்ற வரியை அடியுங்கள்.

காலம் எழுதாத ஒப்பந்தத்தை 5 ஆண்டு என்றும், இடம் எழுதாததை இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். அது தெரிந்துதான் ‘நிரந்தரமாக, உலகெங்கும்’ என்று மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பனியன் விளம்பரத்தில்தான் சிக்கல். இயந்திரம் புதிதாக வாசிப்பது உங்கள் அப்பாவின் வாசிப்பே இல்லை என்பார்கள். அரிஜித் சிங்கின் குரலை நகலெடுத்த ஏ.ஐ. கருவிகளுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் தடை போட்டது. அது நாடறிந்த குரல். பாணி என்பது யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அனுமதி இல்லாமல் ஏ.ஐ.யைப் பழக்க எடுப்பதே பதிப்புரிமை மீறலா என்ற கேள்வியோடு ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024இல் சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ மேல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழாது, அப்பாவே கையெழுத்துப் போட்டுத் தருகிறார். ஆகவே பாதுகாப்பு முழுக்க அந்தத் தாளில்தான் வர வேண்டும்.

தஞ்சாவூர் பையன்:
நான் பெங்களூரில் பேச்சு மென்பொருள் வேலையில் இருக்கிறேன். தவில்கார அண்ணே, மோட்டார் பெட்டி யாரிடமும் பாடம் கேட்கவில்லை. இது கேட்கிறது, வித்தியாசம் அதுதான்.

ஆடுதுறை நண்பரே, ‘பிறகு வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம்’ என்று சொன்னால் நம்பி உட்காராதீர்கள். பதிவுக் கோப்பை அழிக்கலாம். பழகிய மாடலில் அப்பாவின் கமகம் கோடிக்கணக்கான எண்களில் கரைந்து கிடக்கும், அதை மட்டும் தனியே உருவ முடியாது. பழைய நிலைக்கு வர, அவர் பதிவை விட்டுவிட்டு முதலிலிருந்து பழக்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம். எதற்குப் பயன்படுத்தலாம், பதிவை வேறு நிறுவனத்துக்கு விற்கலாமா என்பதையெல்லாம் வாசிப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

உங்கள் பக்கம் ஒரு பலம் இருக்கிறது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். அவர் காலத்து இசைத்தட்டுகளுக்கு 60 ஆண்டுப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அப்படியும் ஏன் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்? தட்டில் இரைச்சலும் தவிலும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். இவர்களுக்கு வேண்டியது தனித்தனி ஸ்வரம், சுத்தமாக. அதை வாசித்துத் தர ஆள் வேண்டும். பேரம் பேசுங்கள். ரஹ்மான் 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ஏ.ஐ.யில் எடுத்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார்.

ஆடுதுறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று போனில் பேசினேன். மல்லாரியை எடுக்கச் சொன்னதும் சரி என்றார்கள். பெயர் போடவும் சம்மதம். 5 ஆண்டு, பதிவை வெளியே விற்கக் கூடாது என்றதும்தான் குரல் மாறியது, ‘மேலிடத்தில் கேட்க வேண்டும்’ என்று வைத்துவிட்டார்கள். பதில் வரும்வரை கையெழுத்து இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

தவில்காரன்:
சரி தம்பி, ஒண்ணு சொல்லுங்க. ஆலாபனைக்குத் தவில் வேண்டாம். அந்தப் பட்டியல்ல கீர்த்தனை இருக்கா? இருந்தா தவிலுக்கு யாரைக் கூப்பிடறாங்க, அவருக்குத் தாள் உண்டா?

ஆடுதுறைக்காரன்:
கடைசிப் பக்கத்தில் நாலு கீர்த்தனை இருக்கிறது அண்ணே. தாளில் அப்பா பெயர் மட்டும்தான்.

மாயவரம் வக்கீல்:
தவில்காரரும் நிகழ்த்துநர்தான். அவருக்குத் தனித் தாள், தனிப் பணம். அதையும் மேலிடத்தில் கேட்கச் சொல்லுங்கள்.