புதுப்பிப்பு: குறைந்த ஆற்றலில் மீளிணைவு வளைவு ஏன் தட்டையாகிறது? விடை கிடைத்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: எலக்ட்ரானும் மூலக்கூறு அயனியும் மீளிணையும் (அயனி எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும்) குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது அது நிகழும் வாய்ப்பின் அளவு, மோதல் ஆற்றல் E-ஐப் பொறுத்து 1/E என்று போனால், ஆற்றல் குறையக் குறைய வீதம் 1/√E ஆக ஏறிக்கொண்டே போக வேண்டும். அயனிகளைச் சுற்றவிட்டு எலக்ட்ரான் கற்றையோடு சேர்க்கும் சேமிப்பு வளையத்தில் எடுத்த அளவீடோ சில மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே தட்டையாகிவிடுகிறது.

வேலை செய்தது "இரண்டு வெப்பநிலை வை" என்ற யோசனை. முடுக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றையில் நீளவாக்கு வேகச் சிதறல் சுருங்கிவிடும், குறுக்குவாக்கில் அப்படிச் சுருங்காது. வெப்பநிலையாகக் குறுக்குவாக்கில் 2, நீளவாக்கில் 0.1 மில்லி எலக்ட்ரான்வோல்ட் கொடுத்து, அந்த வேகச் சிதறலின் மேல் வீதத்தைச் சராசரி எடுத்தேன். வளைவு அச்சாகப் பொருந்தியது. எல்லாத் திசைக்கும் ஒரே வெப்பநிலை வைக்கும் ஒற்றை மாக்ஸ்வெல் வேகப் பரவல் இங்கே உதவாது.

எலக்ட்ரான் கற்றை வளைந்து அயனிக் கற்றையோடு சேரும் பகுதிக்கான திருத்தத்தையும் செய்து பார்த்தேன். அடிமட்ட ஆற்றலில் பெரிய மாற்றமில்லை. ஆனால் உயர் ஆற்றலில், வீத வளைவு பள்ளமாக இறங்கும் இடங்களில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விடவே கூடாது.

எதிர்பாராதது அயனியின் சுழற்சி நிலை. அறை வெப்பநிலை வளையத்தில் அயனிகள் சூடாகவே சுழல்கின்றன. ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் உள்ள, மிகவும் குளிர்விக்கப்பட்ட சேமிப்பு வளையத்தில் ஹீலியம் ஹைட்ரைடு அயனியை ஆறவிட்டு அளந்து 2019-இல் வெளியிட்டார்கள்: மிகக் கீழான சுழற்சி நிலைகளில் குறைந்த ஆற்றல் வீதம் வெகுவாகக் குறைகிறது. அதனால் பழைய அளவீட்டோடு ஒப்பிடும் முன் அயனியின் வெப்பநிலையைப் பாருங்கள். இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் விலகியிருப்பதன் அளவு) இல்லாத மூவணு ஹைட்ரஜன் அயனி இப்படி எளிதில் கதிர்வீசி ஆறாது, அதற்குக் கணக்கே வேறு.