'ஆதன்' என்று பெயர் வைக்கலாமா? விளக்கம் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு 'ஆதன்' என்று பெயர் சூட்ட விரும்புகிறோம். புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னன் 'கோ ஆதன் செல்லிரும்பொறை'யின் பெயரிலும், கீழடியில் கிடைத்த பானை ஓட்டுக் கீறலிலும் இச்சொல்லைக் கண்டதே காரணம். ஆனால், அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் மாமனார் அகராதியைப் பிரித்து, உயிர், அருகன் (சமணர் வணங்கும் இறைவன்) என்னும் பொருள்களோடு அறிவிலி, குருடன் என்னும் பொருள்களும் இதற்கு இருப்பதை விரல் வைத்துக் காட்டினார். (கைப்பேசியில் மட்டும் தேடிய எங்களுக்கு இது வேண்டியதுதான்.) மன்னர்கள் தாங்கிய ஆதனும் வசையான ஆதனும் ஒரே சொல்தானா என்பதைச் சொல்லாராய்ச்சி அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இப்பெயருடைய பிள்ளைகளை அறிந்தவர்கள், பள்ளிப் பதிவேட்டில் 'ஆதவன்' என்று திருத்திவிடும் தொல்லை உண்டா என்பதையும் தெரிவியுங்கள். அச்சகத்தார் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பார்.