புதுப்பிப்பு: மருந்தகங்களுக்கான மீளளிப்பும் நமது ஆகக்கூடிய சில்லறை விலையும்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2015இல் இயற்றிய 900ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி முன்னர் எழுதியபோது, இலங்கைக்கும் அத்தகைய சட்டம் வேண்டாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காப்புறுதித் திட்டங்களுக்காக மருந்துக் கொடுப்பனவுகளை நிர்வகிக்கும் இடைநிலை நிறுவனங்கள், விற்ற மருந்துக்காக மருந்தகத்துக்கு அதன் கொள்விலைக்குக் குறைவாக மீளளிக்கக் (அதாவது பணம் திருப்பிக் கொடுக்கக்) கூடாது என்பதும், குறைந்தால் மருந்தகம் மேன்முறையீடு செய்யலாம், மருந்தை விற்க மறுக்கவும் செய்யலாம் என்பதும் அச்சட்டத்தின் சாரம். ஊழியர் நலத் திட்டங்கள் பற்றிய 1974ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டம் இதற்குத் தடையில்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

கொழும்பில் நிலைமை வேறு. வெள்ளவத்தையில் மருந்து வாங்குபவர் பெரும்பாலும் தாமே பணம் செலுத்துகிறார். காப்புறுதி இருந்தால் பற்றுச்சீட்டைக் கொடுத்துப் பின்னர் மீளப் பெறுகிறார். ஆகவே இங்கு மருந்தகத்தை நெருக்குவது மீளளிப்பு அன்று, இலங்கையின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016இல் 48 மருந்துகளுக்கு விதிக்கப்பட்டதைப் போன்ற ஆகக்கூடிய சில்லறை விலையே. 2022இல் ரூபாய் சரிந்தபோது இறக்குமதிச் செலவு ஏறியதும், கட்டுப்பாட்டு விலைகளை உயர்த்த நேர்ந்ததும் நாம் அறிந்ததே. (நோயாளிக்கு அந்த உச்சவரம்பு அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.) ஆர்கன்சாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது, என் கருத்தில், கொள்விலை மாறும்போது சிறு மருந்தகமும் காலவரையறையுடன் முறையிடக்கூடிய அந்த மேன்முறையீட்டு ஏற்பாடு மட்டுமே.