என் நோட்டில் அதிகம் இருந்த சொல் ‘சும்மா’

மூணு வருஷம் நிஃப்டி ஆப்ஷன்ஸ், அதாவது பங்குச் சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமான்னு பணம் போடற வர்த்தகம். எவ்வளவு போச்சுன்னு சொல்ல இன்னும் வாய் வரலை. மனைவியோட ரெண்டு வளையல் இன்னும் அடகுக் கடையிலதான். இந்த மாதிரி எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்ற தனிநபர்கள்ல 100-க்கு 93 பேருக்கு நஷ்டம்னு 2024-ல பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி கணக்குப் போட்டுச் சொல்லுச்சு. படிச்சேன். மிச்ச 7 பேர்ல நானும் ஒருத்தன்னு நெனச்சுக்கிட்டு மறுநாள் காலை 9:15-க்கு மார்க்கெட் திறக்கறப்பவே உட்கார்ந்துட்டேன்.

கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் குடியை விட்டவர். “என்ன வாங்கினே, வித்தேன்னு எழுதாதே. பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி மனசுல என்ன இருந்துச்சுன்னு ஒரு வரி எழுது”ன்னார்.

முதல் வாரம் முழுக்கப் பொய். ‘சப்போர்ட் உடைஞ்சுது’, ‘ஆர்எஸ்ஐ சரியா இருந்துச்சு’ன்னு சார்ட் பாக்கறவங்க பாஷையில எனக்கு நானே படம் காட்டினேன். ரெண்டாவது வாரம்தான் நெசம் வந்துச்சு. ‘மேனேஜர் திட்டினார்.’ ‘நேத்து விட்டதை எடுக்கணும்.’ ‘சும்மா.’ ‘சும்மா.’ மாசக் கடைசியில எண்ணினா 61 டிரேட்ல 38 ‘சும்மா’. லாபம் வந்த அன்னிக்கும் நிறுத்தலை, வாங்கற அளவை ரெட்டிப்பாக்கியிருக்கேன். அப்போ பணத்துக்காகன்னு வீட்ல சொன்னதெல்லாம் என்ன? சனி, ஞாயிறு மார்க்கெட் லீவு. அந்தப் பக்கங்கள்ல ‘எரிச்சல்’னு மட்டும் இருக்கு. பையனைக் கைநீட்டி அடிச்சதும் ஒரு ஞாயித்துக்கிழமைதான்.

*

அண்ணா, உங்க ‘சும்மா’ எனக்கு ரீல்ஸ்ல. எழுதறது ஒத்து வரலை, மாமியார் எடுத்துப் படிச்சிடுவாங்க. ஆலன் மார்லட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் சொன்ன வழிதான் எனக்கு. ஆசை அலை மாதிரி எழும்பும், தானா இறங்கும். அதை அடக்கவும் வேணாம், அது சொல்றபடி ஆடவும் வேணாம், உடம்புல எங்க தெரியுதுன்னு பார்த்துட்டே இருக்கணும். எனக்கு வலது கட்டைவிரல்ல தெரிஞ்சுது, சிரிக்காதீங்க. குக்கர் மூணு விசில் விடறதுக்குள்ள பாதி நாள் இறங்கிடும். மீதி நாள் தோத்துடுவேன்.

*

தங்கச்சி, என் நோட்டையும் வீட்ல படிச்சாச்சு. திட்டலை. ‘ஞாயித்துக்கிழமை ஏன் அப்படி இருந்தீங்கன்னு இப்பத்தான் புரியுது’ன்னு கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சிருந்தா. டிரேடிங் கணக்கோட பாஸ்வேர்டை மாத்தி அவகிட்டயே கொடுத்துட்டேன். இந்த வாரம் ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தேன்.