நிகர இன்றைய மதிப்பு, டியூரேஷன், பீட்டா: சூத்திரம் தெரிந்தும் இடறும் இடங்கள்

இரண்டாமாண்டு (கேள்வி):

வணக்கம். வங்கியியல், நிதி, முதலீடு மூன்றும் சேர்ந்த பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. சூத்திரங்கள் மனப்பாடமாகத் தெரியும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

1000 போட்டால் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 500 வரும் திட்டம் ஒன்று. தள்ளுபடி விகிதம் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 10%. கையால் போட்டால் நிகர இன்றைய மதிப்பு 243.43. எக்செலின் என்.பி.வி. சார்பில் நான்கு எண்களையும் கொடுத்தால் 221.30 காட்டுகிறது. எது சரி?

அடுத்தது, 100 முகமதிப்பில் 6% கூப்பன் (ஆண்டு வட்டி) தரும் 5 ஆண்டுக் கடன்பத்திரம். ஈல்டும் (இன்றைய விலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் விகிதம்) 6%. டியூரேஷன் 4.47 ஆண்டு என்று வருகிறது. ஆண்டுக் கணக்கில் இருப்பது எப்படி விலை மாற்றத்தின் சதவீதம் ஆகிறது? அதோடு, வங்கி இந்தப் பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருந்தால் 100 முழுதாகக் கிடைத்துவிடும். அப்புறம் வட்டி ஏறினால் வங்கிக்கு எங்கே நட்டம்?

கடைசியாக, பருவ இறுதிச் செயல்திட்டத்துக்கு 60 மாத விவரத்தை வைத்து ஒரு பங்கின் பீட்டா (சந்தை அசையும்போது பங்கு எத்தனை மடங்கு அசைகிறது என்ற அளவு) கணக்கிட வேண்டும். எங்கெல்லாம் தவறு நேரும்?

———

எண்சுவடி:

முதல் கேள்விக்கு: உங்கள் கைக்கணக்குதான் சரி. எக்செலின் அந்தச் சார்பு, தனக்குக் கொடுக்கப்படும் முதல் எண்ணே ஓராண்டு கழித்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். இன்றைக்குப் போடும் 1000-ஐயும் அதற்குள் கொடுத்ததால் மொத்தமும் ஒருமுறை கூடுதலாக 1.10-ஆல் வகுபட்டுவிட்டது. 243.43-ஐ 1.10-ஆல் வகுத்துப் பாருங்கள், 221.30 வரும். மூன்று 500-களை மட்டும் சார்புக்குள் கொடுத்து, 1000-ஐ வெளியே கழியுங்கள். தேதி வாரியாகக் கணக்கிடும் எக்ஸ்.என்.பி.வி. சார்பில் இந்தச் சிக்கல் இல்லை. அது முதல் தேதியையே ‘இன்று’ என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்துத்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இதே பாடத்தில் அடுத்து வரப்போகும் இடறலையும் சொல்லிவிடுகிறேன். நிகர இன்றைய மதிப்பைப் பூஜ்யமாக்கும் விகிதத்துக்கு உள் வருவாய் விகிதம், அதாவது ஐ.ஆர்.ஆர்., என்று பெயர். அது பெரிதாக இருக்கும் திட்டமே நல்ல திட்டம் என்று எழுதாதீர்கள். 100 போட்டு ஓராண்டில் 150 பெறுவது 50%. 1000 போட்டு 1300 பெறுவது 30%. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், 10% விகிதத்தில் முதலாவதன் நிகர இன்றைய மதிப்பு 36.36, இரண்டாவதன் மதிப்பு 181.82. விகிதம் சிறியது, கிடைக்கும் செல்வம் ஐந்து மடங்கு. பணப்பாய்வின் குறி இருமுறை மாறினால் நிலைமை இன்னும் மோசம். இன்று 100 செலவு, முதலாண்டு 230 வரவு, இரண்டாமாண்டு 132 செலவு என்று போட்டுப் பாருங்கள். 10%, 20% இரண்டுமே ஐ.ஆர்.ஆர். ஆகும். எக்செல் ஒன்றை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். சுரங்கத்தை மூடி நிலத்தைச் சீரமைக்கும் செலவு கடைசியில் வரும் திட்டங்களில் இப்படித்தான் நடக்கிறது.

பணவீக்கம் கழிக்காத விகிதத்தை வைத்துப் பணவீக்கம் கழித்த பணப்பாய்வைத் தள்ளுபடி செய்வதும் அடிக்கடி காணும் தவறு. 10% விகிதம், 4% பணவீக்கம் என்றால் மெய் விகிதம் 6% அல்ல, 5.77%. கழிக்கக் கூடாது, 1.10-ஐ 1.04-ஆல் வகுக்க வேண்டும்.

———

பேரேடு:

டியூரேஷனை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது ஏன் ஆண்டில் வருகிறது என்பது புரிவதில்லை. ஒருமுறை கையால் போட்டுவிட்டால் மறக்காது. உங்கள் பத்திரத்தையே எடுப்போம். ஐந்து வரவுகளின் இன்றைய மதிப்பு முறையே 5.66, 5.34, 5.04, 4.75, 79.21. கூட்டினால் 100. இனி ஒவ்வொன்றையும் அது வரும் ஆண்டால் பெருக்குங்கள்: 5.66, 10.68, 15.11, 19.01, 396.05. மொத்தம் 446.51. அதை 100-ஆல் வகுத்தால் 4.465 ஆண்டு. பிரெடரிக் மெக்காலே 1938-இல் முன்வைத்த அளவு இது. பணம் சராசரியாக எத்தனை ஆண்டு கழித்துக் கைக்கு வருகிறது என்பதே இதன் பொருள்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஐந்தாண்டு கழித்து வரும் ஒரு ரூபாயை (டாலரோ யூரோவோ, எதுவானாலும்) 1.06-ஆல் ஐந்துமுறை வகுக்கிறோம். வகுக்கும் எண் சிறிது பெரிதானால் அந்தப் பாதிப்பு ஐந்துமுறை விழுகிறது. ஓராண்டில் வரும் பணத்துக்கு ஒரேமுறை. ஆகவே ஒவ்வொரு துண்டும் தன் வயதுக்கு ஏற்ற மடங்கு விழும். எல்லாத் துண்டுகளின் வயதுச் சராசரிதானே டியூரேஷன்? அதனால்தான் பத்திரம் முழுவதும் அந்தச் சராசரி மடங்குக்கு விழுகிறது. துல்லியமாக்க 4.465-ஐ 1.06-ஆல் வகுத்தால் 4.21. இது திருத்திய டியூரேஷன். ஈல்டு ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் விலை ஏறக்குறைய 4.21% குறையும்.

‘ஏறக்குறைய’ என்ற சொல்லைத் தேர்வில் விட்டுவிடாதீர்கள். 7% ஈல்டில் உண்மையான விலை 95.90, அதாவது வீழ்ச்சி 4.10. 5% ஈல்டில் 104.33, ஏற்றம் 4.33. விலைக்கோடு வளைந்திருப்பதால் இறங்குவது குறைவு, ஏறுவது அதிகம். இந்த வளைவின் பெயர்தான் கன்வெக்ஸிட்டி. ஒரு புள்ளிக்கு இந்த வித்தியாசம் சின்னது. 30 ஆண்டுப் பத்திரத்தில் மூன்று புள்ளி மாற்றத்துக்கு டியூரேஷனை மட்டும் வைத்து விடை எழுதினால் கணிசமாகத் தவறும்.

இனி வங்கி. முதிர்வு வரை வைத்திருந்தால் நட்டமில்லை என்ற வாதம் பத்திரத்தை மட்டும் பார்க்கிறது. அதை வாங்கிய பணம் யாருடையது? வைப்பாளருடையது. சந்தை வட்டி 8% ஆகிவிட்டது, வைப்பாளருக்கும் 8% தராவிட்டால் பணம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் ஆண்டுக்கு 6 தருகிறது, வங்கி 8 கொடுக்கிறது. ஐந்து ஆண்டும் ஆண்டுக்கு 2 கைவிட்டுப் போகும். அந்த ஐந்து 2-களின் இன்றைய மதிப்பு 8% விகிதத்தில் 7.99. இப்போது பத்திரத்தை 8% ஈல்டில் விலை போடுங்கள்: 92.01. இரண்டும் ஒரே நட்டம். விற்றால் இன்றைக்கே மொத்தமாகத் தெரியும். விற்காவிட்டால் ஐந்து ஆண்டு வட்டி வருமானத்தில் தவணையாகத் தெரியும். கணக்குப் பதிவு நட்டத்தைக் காட்டும் நாளைத்தான் மாற்றுகிறது.

வங்கி முழுவதற்கும் போட்டுப் பார்க்கலாம். சொத்து 100, அதன் திருத்திய டியூரேஷன் 4. வைப்பு 92, டியூரேஷன் 1. சொந்த மூலதனம் 8. வட்டி இரண்டு புள்ளி ஏறினால் சொத்து 8 குறையும். வைப்பின் மதிப்பும் 92-இல் 2%, அதாவது 1.84 குறையும், அது வங்கிக்கு ஆதாயம். நிகர நட்டம் 6.16. மூலதனம் 8-இலிருந்து 1.84-க்கு வந்துவிட்டது. ஒரு கடன்கூட வாராக்கடன் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் செய்யும் வழக்கமான பிழை, 4-இலிருந்து 1-ஐக் கழித்து இடைவெளி 3 என்று எழுதுவது. வைப்பு 100 அல்ல, 92. ஆகவே 4-இலிருந்து 0.92-ஐக் கழிக்க வேண்டும், இடைவெளி 3.08.

———

இரண்டாமாண்டு:

மிக்க நன்றி. 7.99-உம் 92.01-உம் சேர்ந்து 100 ஆவதைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஒரு சந்தேகம். சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமே, அதன் டியூரேஷன் பூஜ்யம் அல்லவா? 1 என்று எடுத்தது எப்படி?

———

கருவூலம்:

நல்ல கேள்வி. பேரேடு காட்டிய கணக்கில் முழு விடையும் இந்த ஒரு எண்ணைத்தான் நம்பி நிற்கிறது.

ஒப்பந்தப்படி பார்த்தால் பூஜ்யம். நடைமுறையில், சந்தை வட்டி ஏறினாலும் சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகள் உடனே ஏற்றுவதில்லை. வைத்திருப்பவர்களும் அசைவதில்லை. அப்படி அசையாத பணம் நீண்டகால, மலிவான கடன்போல நடந்துகொள்கிறது. வங்கிகள் பழைய விவரங்களை வைத்து இதற்கு ஒரு டியூரேஷன் மதிப்பிடுகின்றன. சந்தை வட்டி ஒரு புள்ளி மாறினால் வைப்பு வட்டி எவ்வளவு மாறுகிறது என்ற விகிதத்துக்கு டெபாசிட் பீட்டா என்று பெயர். பங்கின் பீட்டாவோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பேரேடு எடுத்த அதே வங்கியில் வைப்பின் டியூரேஷனை 3 என்று மாற்றினால் இடைவெளி 4-இலிருந்து 2.76 போக 1.24. இரண்டு புள்ளி ஏற்றத்துக்கு நட்டம் 2.48 மட்டுமே. மூலதனம் தாங்கிவிடும். வைப்பாளர்கள் பயந்து வரிசையில் நிற்க ஆரம்பித்தால் அதே வைப்பின் டியூரேஷன் அன்றே பூஜ்யமாகிவிடும். நட்டம் முழு 8. மூலதனமும் 8. ஒரே இருப்புநிலைக் குறிப்பு, ஒரே வட்டி. வைப்பாளர் நம்பிக்கை இருக்கும்வரை வங்கி உயிரோடு இருக்கிறது, அது போனால் திவால். இரண்டு விளைவுகளுமே தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளக்கூடியவை என்பதைத்தான் டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983-இல் மாதிரி வடிவில் காட்டினார்கள். 2022-இல் பென் பெர்னான்கியோடு சேர்ந்து பொருளியல் நோபல் பெற்றார்கள்.

மறு ஆண்டே கண்முன் நடந்தது. அமெரிக்காவின் மைய வங்கியான பெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 பிப்ரவரிக்குள் 4.5 முதல் 4.75% வரை ஏற்றியது. சிலிக்கான் வேலி வங்கி முதிர்வு வரை வைத்திருக்கப் போவதாக வகைப்படுத்திய பத்திரங்கள் ஏறத்தாழ 9,100 கோடி டாலர். அவற்றில் பதிவாகாத நட்டம் சுமார் 1,500 கோடி, மொத்த மூலதனம் சுமார் 1,600 கோடி. 2023 மார்ச் 8 அன்று வேறு பத்திரங்களை விற்று 180 கோடி டாலர் நட்டம் அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. 10-ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. வைப்புகளில் பெரும்பகுதி காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்டவை என்பதால் ஓடுவதற்குக் காரணமும் இருந்தது.

தேர்வில் வங்கி இடர் பற்றிக் கேட்டால் வைப்பின் டியூரேஷன் என்னவென்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். இரண்டு வேறு மதிப்புகளுக்கு விடை காட்டினால் இன்னும் நல்லது.

———

எண்சுவடி:

பீட்டா இன்னும் பாக்கி. சுருக்கமாகச் சொல்கிறேன், ஒரு இடத்தில் மட்டும் நின்று பார்ப்போம்.

பங்கை ஒரு அச்சிலும் சந்தைக் குறியீட்டெண்ணை மறு அச்சிலும் வைத்துப் பொருத்தும் கோட்டின் சாய்வுதான் பீட்டா. அதற்கு விலையை விலையோடு ஓட்டாதீர்கள். வருவாயை வருவாயோடு ஓட்டுங்கள். காலப்போக்கில் ஏறும் இரண்டு விலைகள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாவிட்டாலும் ஒட்டுறவு பெரிதாகத் தெரியும். பங்குப் பிரிப்புக்கும் ஈவுத்தொகைக்கும் திருத்தப்பட்ட விலைகளையே எடுங்கள். ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்த மாதத்தில் திருத்தாத விலை, நடக்காத 50% வீழ்ச்சியைக் காட்டும். அந்த ஒரு புள்ளியே 60 மாதக் கோட்டை இழுத்துச் சாய்த்துவிடும். பங்கும் குறியீட்டெண்ணும் ஒரே மாத இறுதி நாளில் இருக்கின்றனவா என்றும் சரிபாருங்கள். அரிதாகக் கைமாறும் பங்குக்குத் தினசரி விவரம் வேண்டாம். பழைய விலையே நின்றுகொண்டிருப்பதால் பீட்டா குறைவாக வரும்.

நின்று பார்க்க வேண்டிய இடம் இடர் இல்லா வட்டி. பங்கு, சந்தை இரண்டின் வருவாயிலிருந்தும் அதைக் கழித்துவிட்டுத்தான் கோடு போடுவார்கள். மாத வருவாயிலிருந்து ஆண்டு வட்டி 6%-ஐ அப்படியே கழித்துவிடுகிறார்கள். மாதத்துக்குச் சுமார் 0.49% கழிக்க வேண்டும். இந்தத் தவறு பீட்டாவில் தெரியவே தெரியாது, ஏனென்றால் இரு பக்கமும் ஒரே மாறிலியைக் கழித்தால் கோட்டின் சாய்வு மாறாது. ஆல்ஃபாதான், அதாவது சந்தையோடு சேர்ந்த அசைவு போகப் பங்கு தந்ததாகக் காட்டும் கூடுதல் வருவாய்தான், கெட்டுப்போகும். பீட்டா 1.2 என்றால், கூடுதலாகக் கழித்த 5.5-ஐ 0.2-ஆல் (1.2-இலிருந்து 1 போக மீதி) பெருக்குங்கள். மாதத்துக்கு 1.1%, ஆண்டுக்கு 13%-க்கு மேல் இல்லாத ஆல்ஃபா முளைத்துவிடும். பீட்டா சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாக அந்த ஆல்ஃபாவை அறிக்கையில் போட்டு, ‘சந்தையை மிஞ்சிய பங்கு’ என்று எழுதிவிடுவார்கள்.

திட்டப்பிழையையும் (மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவு) கட்டாயம் கொடுங்கள். மாதச் சந்தை வருவாயின் திட்ட விலக்கம் 4.5%, கோட்டைவிட்டு விலகும் எச்சத்தின் திட்ட விலக்கம் 8% என்றால், 8-ஐ 4.5-ஆலும் √60-ஆலும் வகுத்தால் 0.23. இருபுறமும் இரண்டு திட்டப்பிழை விட்டால், பீட்டா 1.2 என்று நீங்கள் எழுதுவது உண்மையில் 0.74-க்கும் 1.66-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். பீட்டா 1.2037 என்று நான்கு தசம இடம் போடுவதில் பொருளில்லை.

———

பேரேடு:

எண்சுவடி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் மாதத் திட்ட விலக்கத்தை ஆண்டுக்கு மாற்றும்போது 12-ஆல் பெருக்கக் கூடாது, √12-ஆல், அதாவது 3.46-ஆல் பெருக்க வேண்டும். மாதம் 5% என்றால் ஆண்டுக்கு 17.3%. சராசரி வருவாயைச் சொல்லும்போது எந்தச் சராசரி என்றும் குறிப்பிடுங்கள். ஓராண்டு 50% ஏறி மறு ஆண்டு 50% இறங்கினால் கூட்டுச் சராசரி (இரண்டையும் கூட்டி 2-ஆல் வகுத்தது) பூஜ்யம், கையில் இருப்பதோ 100-க்கு 75. பெருக்குச் சராசரி ஆண்டுக்கு 13.4% நட்டம் என்று சரியாகக் காட்டும். வாய்மொழித் தேர்வில் இந்த இரண்டையும் கேட்பார்கள்.