ஸ்விஃப்ட்ல ஹெட்லைட் வெளிச்சம் பத்தல, 100/90 வாட் பல்பு போடவா எல்இடி போடவா?

கணவாய்க்காரன்:
வணக்கம் மக்களே, வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், செகண்ட்ஸ்ல வாங்குனது. பகல்ல ஒரு குறையும் சொல்ல முடியாது, ராத்திரி தான் ரோதனை. மதுரைல கடைய சாத்திட்டு உசிலம்பட்டி வழியா தேனிக்கு வர்றப்ப ஆண்டிபட்டி கணவாய்ல டிம் போட்டா ரோட்டோர வெள்ளக்கோடே தெரிய மாட்டேங்குது, எதிர்ல பஸ் வந்துட்டா கேக்கவே வேணாம், குத்துமதிப்பா தான் ஓட்டுறேன். பல்பு ரெண்டும் எரியுது, ஃபியூஸும் நல்லாருக்கு. ஒரு கடைல 100/90 போட்ருங்கன்றாங்க, இன்னொரு கடைல அதெல்லாம் அந்தக் காலம் எல்இடி மாட்டுங்க பால் மாதிரி அடிக்கும்ன்றாங்க. எத நம்புறது? அப்புறம் பல்ப நாமளே மாத்திக்கலாமா இல்ல பம்பர் கழட்டணுமா?

பழைய எலக்ட்ரீஷியன்:
தம்பி ரெண்டும் வேணாம், கொஞ்சம் பொறுங்க. உங்க வண்டில இருக்குறது எச்4 பல்பு, 60/55 வாட், ஒரே பல்புக்குள்ள பிரைட்டுக்கு ஒரு ஃபிலமென்ட் டிம்முக்கு ஒரு ஃபிலமென்ட். 100/90 போட்டா டிம்ல ஒரு பல்பு மட்டும் ஏழரை ஆம்பியர் இழுக்கும், கம்பெனி பல்பு இழுக்குறது நாலரை சொச்சம் தான், வயரும் கப்ளரும் (பல்பு பின்னாடி சொருகுற பிளக்) ஸ்விட்சும் அந்த நாலரைக்கு கணக்கு போட்டு வச்சது. மாட்டுன புதுசுல ஒண்ணும் தெரியாது, போகப்போக கப்ளர் பழுப்பாகி உருகி பல்போட ஒட்டிக்கும், என்கிட்ட வர்ற கருகுன கப்ளர்ல முக்காவாசி இந்த கேஸ் தான். ரிலே வச்சு பேட்டரிலருந்தே நேரா கரண்ட் எடுக்குற வயரிங் கிட்டும் செராமிக் ஹோல்டரும் போட்டா வயர் தப்பிக்கும், ஆனா அந்த சூட்டுல ரிஃப்ளெக்டர் பூச்சு மங்கிரும், அத எந்த கிட்டும் காப்பாத்தாது.

மொதல்ல வோல்டேஜ் பாருங்க. இன்ஜின ஸ்டார்ட் பண்ணி டிம்ல விட்டு பேட்டரில மீட்டர் வைங்க, 13.8 கிட்ட காட்டும். அப்புறம் பல்பு எரிஞ்சுட்டு இருக்கப்பவே கப்ளர் பின்னாடி வச்சு பாருங்க. பல்ப கழட்டிட்டு வெறும் கப்ளர்ல வச்சா முழு வோல்டேஜ் தான் காட்டும், ஏமாந்துருவீங்க. சில ஜப்பான் டிசைன் வண்டில காமன் பின்ல எர்த் இருக்காது பாசிட்டிவ் தான் வரும், அதனால மைனஸ் காட்டுதேன்னு குழம்ப வேணாம். ரெண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா நடுவுல எங்கயோ துரு இருக்கு இல்ல ஜாயின்ட் லூஸ். ஒரு வோல்ட் ஒன்றரை வோல்ட் தானேன்னு விட்றாதீங்க, ஹாலஜன்ல வோல்டேஜ் கொஞ்சம் இறங்குனா வெளிச்சம் மடமடன்னு இறங்கும், 13.8ல எரிய வேண்டியது 12.2ல எரிஞ்சா மூணுல ஒரு பங்கு வெளிச்சம் காலி. இத சரி பண்ணாம எந்த பல்பு வாங்குனாலும் காசுக்கு தண்டம்.

அடுத்து டூம, அதான் ஹெட்லைட் கூட்ட பாருங்க. முன்னாடி இருக்குறது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட், வெயில்ல நின்னு நின்னு மஞ்சளடிச்சு போயிருக்கும். 800, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டு தேய்ச்சு பாலிஷ் போட்டு மேல யுவி கிளியர் கோட் அடிக்கணும், கோட் அடிக்காம விட்டா சீக்கிரமே திரும்ப மஞ்சளாயிரும். டூத்பேஸ்ட் வைத்தியமும் அப்டித்தான்.

நெல்லை நைட்ஸ்:
அண்ணன் சொல்றது சரிதான் ஆனா எல்இடிய மொத்தமா ஒதுக்க வேணாம்னு நெனைக்கிறேன். நானும் எச்4 டூம்ல எல்இடி தான் போட்டுருக்கேன், கரண்ட் கம்மியா இழுக்குது, ரோடு பளிச்சுனு இருக்கு, இதுவரை கண்ணு கூசுதுன்னு யாரும் எதிர்ல வந்து டிப்பர் (லைட்ட மின்னி காட்டுறது) அடிச்சதில்ல. மழைல மட்டும் கொஞ்சம் சுமார்.

சங்ககிரி லோடு:
டிப்பர் அடிக்கலன்னா கண்ணு கூசலன்னு அர்த்தமா தம்பி? அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போய் விட்டுட்டோம், அதான் உண்மை. நாங்க லாரில ஒசரத்துல உக்காந்துருக்கோம், எங்களுக்கே கூசுதுன்னா பைக்ல பொண்டாட்டி புள்ளைய வச்சு வர்றவன நெனச்சு பாருங்க, ஒரு செகண்ட் ஒண்ணுமே தெரியாது அவனுக்கு. கார் ஓட்டுறவங்க தனக்கு ரோடு தெரியுதான்னு மட்டும் பாக்குறீங்க, எதிர்ல வர்றவனுக்கு தெரிஞ்சாதானே அவன் உங்க மேல வந்து ஏறாம இருப்பான்.

பழைய எலக்ட்ரீஷியன்:
லோடு அண்ணே கரெக்ட். நெல்லை தம்பி, எச்4ல டிம் ஃபிலமென்ட்டுக்கு கீழ சின்னதா ஒரு தகரக் கிண்ணம் இருக்கும், வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட மேல் பாதில மட்டும் பட்டு கீழ்நோக்கி ரோட்டுக்கு போறதுக்குத்தான் அது. டூம டிசைன் பண்றப்ப ஃபிலமென்ட் எந்த எடத்துல இருக்கணும்னு மில்லிமீட்டர் கணக்குல வச்சு பண்ணிருக்கான். எல்இடில சிப்பு ஒரு பட்டையோட ரெண்டு பக்கமும் ஒட்டிருக்கும், பட்டை தடியா இருந்தா ஃபோகஸ் தப்பி வெளிச்சம் கண்டபடி செதறும். உங்களுக்கு பளிச்சுனு தெரியறது பெரும்பாலும் பம்பருக்கு முன்னாடி இருக்க கொஞ்ச தூரம், அது ரொம்ப பிரகாசமா இருந்தா கண்ணு சுருங்கி தூரத்துல இருக்குறது இன்னும் இருட்டாதான் தெரியும். கம்பெனிலயே எல்இடிக்குன்னு பண்ணுன ஹெட்லைட் வேற கதை, அது நல்லாவே இருக்கும். போட்டே தீருவேன்னா பட்டை மெலிசா இருக்கறதா வாங்கி, சிப்பு ரெண்டும் இடது வலது பாக்குற மாதிரி காலர (பல்பு அடில இருக்க வளையம்) திருப்பி மாட்டுங்க, மேல கீழ பாத்தா வேலைக்காகாது. செவுத்துல அடிச்சு பாருங்க, டிம்முக்கு மேல்பக்கம் தெளிவா ஒரு கோடு விழலன்னா கழட்டிருங்க.

கணவாய்க்காரன்:
அண்ணே மீட்டர் வச்சு பாத்தாச்சு, பேட்டரில 13.9, வலது பக்கம் கப்ளர்ல 12.3, இடது பக்கம் 13.3. ரெண்டு பல்பும் உள்ள லேசா கருப்படிச்சு இருக்கு. டூமும் மஞ்சள் தான்.

பழைய எலக்ட்ரீஷியன்:
அப்புறம் என்ன, வலது பக்க கப்ளர்லயும் பாடில எர்த் போல்ட் இருக்க எடத்துலயும் துரு எடுத்து டைட் பண்ணி திரும்ப அளந்து பாருங்க. கப்ளர் பின் லூஸா இருந்தா கப்ளரையே மாத்திருங்க, பெரிய காசில்ல. இடது பக்கமும் லேசா இறங்குதே, அதையும் ஒரு கை பாத்துருங்க. பல்பு கருத்துருச்சுன்னா ஆயுசு முடிஞ்சுது, ஃபிலிப்ஸோ ஓஸ்ராமோ அதே 60/55ல ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, ஒண்ணு மட்டும் மாத்துனா ஒரு கண்ணு மங்கலா இருக்கும். ஓஸ்ராமோட நைட் பிரேக்கர் மாதிரி ஐட்டம் அதே வாட்ல கூடுதலா வெளிச்சம் குடுக்கும், ஆனா ஆயுசு கம்மி.

பம்பர் கழட்ட வேணாம். லைட்ட அணைச்சு சூடு ஆறுனதும் பின்னாடி கப்ளர உருவி, ரப்பர் மூடிய கழட்டி, கம்பி கிளிப்ப தள்ளுனா பல்பு கைக்கு வந்துரும், மூணு காது இருக்கறதால ஒரே பக்கமா தான் உக்காரும். பல்பு கிளாஸ்ல வெறுங்கை படவே கூடாது, எண்ணெப்பசை பட்ட எடம் மட்டும் ஓவரா சூடாகி பல்பு சீக்கிரம் போயிரும், பட்டுட்டா ஸ்பிரிட்ல தொடச்சுருங்க. ரப்பர் மூடிய சரியா அமுக்கி விடுங்க, இல்லன்னா ஐப்பசி மழைல டூமுக்குள்ள தண்ணி கோத்துக்கும்.

சங்ககிரி லோடு:
மாத்துனதும் ஃபோகஸ் வைங்க தம்பி. சமதரைல 10 மீட்டர் தள்ளி செவுத்த பாத்து நிறுத்துனா டிம் கோடு பல்பு ஒசரத்துக்கு 10 செமீ கீழ விழணும். பின்னாடி ஆளும் சாமானும் ஏத்துனா மூக்கு தூக்கிக்கும், ஸ்டீயரிங் பக்கத்துல நம்பர் போட்ட ஒரு திருகு இருக்கும் பாருங்க, வெளிச்சம் கீழ இறங்குற மாதிரி அத திருகி வச்சு ஓட்டுங்க. அத யாருமே தொடுறதில்ல.