ஹாங்காங் அரசுக் குடியிருப்பு வாடகையும் பணவீக்கக் கணக்கும்

கேள்வி: ஹாங்காங்கில் அரசுக் குடியிருப்புகளின் ஒரு மாத வாடகையை அரசு தள்ளுபடி செய்தால் பணவீக்கம் சட்டென்று இறங்குகிறது. மறு வருடம் அதே மாதம் எகிறுகிறதே, ஏன்?

பதில்: அந்த மாதம் வாடகை பூஜ்யமாகப் பதிவாகும். உதாரணத்துக்கு நுகர்வோர் விலைக் குறியீட்டில் அந்த வாடகையின் எடை, அதாவது மொத்தச் செலவில் அதன் பங்கு, 2% என்று வையுங்கள்: 100 இருந்த குறியீடு 98 ஆகும். அடுத்த ஆண்டு 98லிருந்து 100. வேறு எந்த விலையும் ஏறாமலே 2.04% பணவீக்கம்! குடும்பத்துக்கு மிச்சமானது நிஜம்தான், ஆனால் இதை விலைச்சரிவு என்று எழுதுவது தவறு.

இன்னொரு பதில்: அதனால்தான் புள்ளிவிவரத் துறை ஒருமுறைச் சலுகைகளை நீக்கிய விகிதத்தையும் தருகிறது. போக்கைப் பார்க்க அதையே எடுங்கள். குறைந்த செலவுக் குடும்பங்களுக்கான 'ஏ' குறியீட்டில் இந்த ஆட்டம் இன்னும் பெரிது. அங்கே அரசுக் குடியிருப்பு வாடகையின் எடை அதிகம்.

கேட்டவர்: முறையான வாடகை உயர்வு வந்தால்?

பதில்: அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குடியிருப்போர் வருமானக் குறியீட்டை வைத்து, உச்சவரம்பு 10%. சலுகை அல்ல என்பதால் எதிலும் கழிக்க மாட்டார்கள். ஆண்டு விகிதத்தில் 12 மாதம் நிற்கும்.